குறைந்த விலைப்புள்ளியும் ஒரு நீலப் படகும்

"சத்தியசீலன் அண்ணாச்சி ஃபைலை நகத்துவாரு. ஒரு ஆணி அடிப்பாரா?"

ஜெயபால் இப்படிக் கேட்டதும் கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சத்தியசீலனும் சேர்ந்து சிரித்தார். அவர் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால் கேலியாகப் போயிருக்க வேண்டியது உண்மையாக நின்றுவிட்டிருக்கும்.

தில்லி ஜங்புராவை ஒட்டிய ஒரு சின்ன மாதா கோவிலின் திருவிழாக் கமிட்டி அது. பேச்சு, படகைப் பற்றி. அந்தக் கோவிலில் செப்டம்பர் எட்டாம் தேதி மாதா சுரூபம் தேரில் போவதில்லை. சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் ஒரு ஃபைபர் படகை ஏற்றி, அதில் மாதாவை வைத்து, வடம் கட்டித் தெருவில் இழுத்துப் போவார்கள். கடற்கரைக் கிராமங்களிலிருந்து வந்த நர்சுகளும் வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம். வடம் பிடிக்கிற பலமான கைகள் மட்டும் பக்கத்தில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து வரும். அவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். மாதாவுக்கு அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

இந்த வருஷம் கோடையில் கேம்ப்பை இடித்துவிட்டார்கள். வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் நகரத்தின் கடைக்கோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. படகும் பார்க்கும்படி இல்லை. ஒரு காலத்தில் நீலமாக இருந்தது, இப்போது குளியலறையில் வெளிறிப்போன பழைய வாளி மாதிரி ஆகியிருந்தது. தொட்டால் விரலில் சுண்ணாம்பு போலத் தூள் ஒட்டியது.

ஜெயபால் கல்யாணங்களுக்கு பந்தல், லைட்டு, பேண்டு வாத்தியம் ஏற்பாடு செய்பவன். தில்லியிலேயே பிறந்தவன். "ரத் ஒண்ணு சொல்லியிருக்கேன் ஃபாதர். மோட்டார் வச்சது, யாரும் இழுக்க வேணாம். சுத்தி எல்.ஈ.டி. பாராத்துல, கல்யாண ஊர்வலத்துல, மாப்பிள்ளை போவார்ல, அதே ரத். படகைப் பழைய சாமான் எடுக்கற கபாடிக்காரன் தூக்கிட்டுப் போயிருவான். இடமும் மிச்சம்" என்றான்.

அப்போதுதான் சத்தியசீலன் எழுந்து, "படகைப் பாலிஷ் போட்டாப் போதும். நானே போடுதேன்" என்று சொன்னார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

பங்குச் சாமியார் ஃபாதர் ஜோபின் இளையவர், சண்டையை விரும்பாதவர். "கொடியேத்தத்துக்கு முந்தின நாள் வந்து பாக்கறேன். மாதா உக்காரத் தகுந்த மாதிரி இருந்தா படகு. இல்லேன்னா ரத். சரியா?" என்று முடித்தார்.

சரி என்று இருவரும் தலையாட்டினார்கள்.

அந்தப் படகைக் கோவிலுக்குக் கொண்டுவந்தவரே சத்தியசீலன்தான். எப்போதோ நடந்த ஒரு கண்காட்சிக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரியில் வந்தது. கண்காட்சி முடிந்தபின் திருப்பி அனுப்பும் செலவு படகின் விலையைவிட அதிகம் என்று கண்டுபிடித்து, மதிலோரம் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். வேண்டாத பொருளை அரசாங்கத்தின் கையிலிருந்து எப்படி வாங்குவது என்று சத்தியசீலனுக்குத் தெரியும். எழுதினார், அலைந்தார், வாங்கினார். எத்தனையோ திருவிழாக்களில் மாதாவைச் சுமந்த அந்தப் படகு ஒருநாள்கூடத் தண்ணீரில் இறங்கியதில்லை.

சத்தியசீலனும் ஏறக்குறைய அந்தப் படகைப் போலத்தான். தகப்பனார் கடலுக்குப் போனவர். மகனை டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார். தில்லிக்கு ரயிலேறி வந்து, முனிர்காவில் வெளிச்சமில்லாத ஓர் அறையில் மூன்று பேரோடு தங்கி, ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் சேர்ந்து, கொள்முதல் பிரிவில் போய் உட்கார்ந்தவர் ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை. பம்புகள் வாங்கினார். கேபிள் வாங்கினார். மின்மாற்றிகளும், ஒரு தடவை பெரிய கிரேன் ஒன்றும் வாங்கினார். எதையும் அவர் பார்த்ததில்லை. அவை எங்கெங்கோ போய் இறங்கின. அவரிடம் வந்தது அவற்றைப் பற்றிய விவரம் மட்டும். எடை இவ்வளவு, வேகம் இவ்வளவு, விலை இவ்வளவு. மூன்று விலைப்புள்ளி கேட்க வேண்டும், நிபந்தனைக்கு உட்பட்டவற்றில் குறைந்தது எதுவோ அதை எடுக்க வேண்டும். அலுவலக பாஷையில் அதற்குப் பெயர் எல் ஒன். அதைத் தாண்டி யோசித்தால் தணிக்கைக்காரன் கேள்வி கேட்பான். யோசிக்காமல் இருப்பதே நேர்மை என்று ஆகிப்போன ஓர் உலகத்தில் அவர் மிக நேர்மையாக இருந்தார்.

வீட்டிலும் அதே முறைதான். மிக்ஸிக்கு மூன்று கடை, மெத்தைக்கு மூன்று கடை. மனைவி அமலி பெரிய ஆஸ்பத்திரியில் நர்சிங் சிஸ்டர். அவள் கேலி செய்வதை நிறுத்தவே இல்லை.

"என்னையும் எல் ஒன்னுலதான எடுத்தீங்க. மூணு பொண்ணு பாத்துட்டு."

"நீ சிங்கிள் டெண்டர். வேற யாரும் ஒத்துக்கிடல" என்பார் அவர்.

கூட்டம் முடிந்து மயூர் விஹார் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அமலி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"பாலிஷா? நீங்களா? செருப்புக்கே நான்தான போடுதேன்."

"அதுக்கு மிஷின் இருக்கு அமலி. பஃபிங் மிஷின். கார் பாலிஷ் போடுற கடையில பாத்ததில்லையா, பஞ்சு சக்கரம் சுத்துமே, அது."

"நீங்க எப்ப பாத்தீங்க?"

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, கடையில் கேட்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கினார்.

மறுநாள் அஜ்மேரி கேட் பக்கம் போனார். ட்ரில்லும் ரம்பமும் பம்பும் கூரைவரை அடுக்கிய கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. கை வண்டிகளுக்கும் ஈ-ரிக்ஷாக்களுக்கும் நடுவே ஒதுங்கி ஒதுங்கி மூன்று கடை ஏறினார். மூன்றிலும் ஒரே கேள்விகளைக் கேட்டார். வாட் எவ்வளவு, வாரண்டி எவ்வளவு, கடைசி விலை எவ்வளவு. மூன்றாவது கடைக்காரர் வெற்றிலைச் சிவப்பு வாயோடு, "எந்தக் கார் அங்கிள்ஜி?" என்று இந்தியில் கேட்டார்.

"கார் இல்லை. படகு."

"படகா? தில்லியிலா?" கடைக்காரர் உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார். "அரே, கேட்டாயா? சாஹப் ஜமுனாவில் படகு விடப்போகிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு துடுப்பு எப்படிப் போடுவார்?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சத்தியசீலன் இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை என்று நினைத்துக்கொண்டார்.

கடைக்காரர் மூன்று மிஷின்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று வெளிநாட்டுப் பெயர் போட்டது, கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இன்னொன்று நடுத்தரம், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் சின்னத் திருகு வைத்தது. மூன்றாவது உண்மையில் பாலிஷ் மிஷினே இல்லை, இரும்பு அறுக்கிற கிரைண்டர். அதன் தட்டைக் கழற்றிவிட்டுப் பஞ்சுத் தட்டு மாட்டிக்கொள்ளலாம். "சுற்றுவது சுற்றுவதுதானே?" என்றார் கடைக்காரர்.

சுற்றுவது சுற்றுவதுதான் என்று சத்தியசீலனுக்கும் பட்டது. வாட் அதிகம், விலை குறைவு. நிபந்தனை பூர்த்தி. எல் ஒன்.

கோவிலுக்குப் பின்னால், முன்பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகையில் படகு இருந்தது. உடம்பை வாட்டியெடுக்கும் ஆகஸ்ட் புழுக்கம். மின்சார வயரை இழுத்து மாட்டி, பஞ்சுத் தட்டில் காம்பவுண்டு என்கிற வெள்ளைப் பசையைத் தடவி, முகப்பின் வளைவில் தட்டை வைத்து, சுவிட்சைத் தட்டினார்.

கிரைண்டர் ஊளையிட்டது. பசை முழுவதும் அவர் சட்டைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பறந்தது. வேகத்தைக் குறைக்க அதில் ஒன்றும் இல்லை, அது ஓடினால் ஒரே ஓட்டம். கையை உதறிக்கொண்டு போகப் பார்த்ததை அவர் இறுக்கிப் பிடித்து ஒரே இடத்தில் அழுத்தினார். கருகிய வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தபோது, மாதாவின் பாதம் வரும் இடத்துக்குச் சரியாகக் கீழே, முகப்பில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாகப் பிறை போல ஒரு காயம். ஃபைபருக்கு மேலே பூசியிருந்த நிறத்தோல் தீய்ந்து, நடுவில் அடி நூல் தெரிந்தது.

அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உத்தியோகக் காலம் முழுக்க அவர் எடுத்த முடிவுகளுக்கு எங்கோ ஓரிடத்தில் ஒரு விளைவு இருந்திருக்கும். நல்லதோ கெட்டதோ, அது அவர் கண்ணுக்கு வந்ததில்லை. ஒரு முடிவின் முகத்தை முதல்முறையாக நேருக்கு நேர் பார்க்கிறார். அதன் வாடையும் மூக்கில் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அமலி கேலி செய்யவில்லை. அவர் உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்ததைப் பார்த்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைக்கச் சொன்னாள்.

"கடையில அதை ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓட்டிப் பாக்கதா? அங்கயா?"

"கையிலயாவது தூக்கிப் பாத்தீங்களா?"

அவர் வெந்நீருக்குள் விரல்களை மடக்கினார்.

"எங்க வார்டுல புதுசா கத்தரிக்கோல் வந்தாக்கூட விரலை விட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்போம்" என்றாள் அமலி. "நாளைக்குப் போயி ஓட்டிப் பாருங்க. விலையை அப்புறம் கேளுங்க."

கடைக்காரர் கிரைண்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ள முகத்தைச் சுளித்தார். ஆனால் சத்தியசீலன் இந்தத் தடவை வாட் கேட்கவில்லை, வாரண்டி கேட்கவில்லை. "ஓட்டிக் காட்டுங்கள்" என்றார். அதில் கடைக்காரருக்கு ஏதோ சுவாரசியம் தட்டியது. வயரை மாட்டிக் கொடுத்தார்.

சத்தியசீலன் முதலில் வெளிநாட்டு மிஷினைத் தூக்கினார். அருமையாக இருந்தது. ஆனால் அந்த விலைக்குப் படகே வாங்கிவிடலாம். பிறகு திருகு வைத்த நடுத்தரத்தைத் தூக்கினார். கனமாகத்தான் இருந்தது. ஆனால் கனம் முன்பக்கம் சாயாமல் இரண்டு கைக்கும் சரியாகப் பிரிந்து இறங்கியது. சுவிட்சை அழுத்தினார். ஊளை இல்லை. தொண்டைக்குள் பாடுவது போல ஒரு முனகல். திருகை ஒன்றில் வைத்தால் தட்டு சுற்றுவதைக் கண்ணால் எண்ணலாம் போல மெதுவாகச் சுற்றியது. மூன்றில் வைத்தால் பஞ்சின் நுனி மறைந்து ஒரு வெள்ளை வட்டம் மட்டும் நின்றது. உள்ளங்கை வழியாக ஒரு அதிர்வு முழங்கைவரை ஏறி, அங்கேயே தங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அங்கிள்ஜி தூங்கிவிட்டாரா?" என்றார் கடைக்காரர்.

"இது எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறது?"

"சுற்றத் தெரிந்தது அமைதியாகத்தான் சுற்றும். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று நேற்றே கேட்டேன், நீங்கள் விலை கேட்டீர்கள்."

அது பொய். நேற்று அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை, கிரைண்டரைத் தலையில் கட்டினார். ஆனால் சத்தியசீலன் சண்டைக்குப் போகவில்லை. அதையே எடுத்துக்கொண்டார். கூடவே கம்பளிப் பஞ்சு ஒன்று, மென்மையான ஸ்பாஞ்சு ஒன்று, கடைசியில் போடும் மெழுகு ஒரு டப்பா. கொள்முதல் விதிகளின்படி இது தவறு. எல் ஒன்னை ஒதுக்கி எல் டூவை எடுத்ததற்குக் காரணம் என்ன என்று தணிக்கைக்காரன் கேட்டால், கைக்குப் பிடித்திருந்தது என்றா எழுத முடியும்? மெட்ரோவில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் தனக்குள் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே யமுனை மழைக்காலத் தண்ணீரோடு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.

அமலி விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். உதவி செய்யவா, வேடிக்கை பார்க்கவா என்று அவர் கேட்கவில்லை.

மிஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் படகு மசியவில்லை. சற்று நேரத்திலேயே கம்பளிப் பஞ்சு களிமண்ணில் புரண்டது போலக் கறுத்துக் கட்டிப் போனது. துடைத்துத் துடைத்துப் போட்டாலும் அதே கதை. சத்தியசீலன் உட்கார்ந்துவிட்டார். கொடியேற்றத்துக்கு அதிக நாள் இல்லை.

அமலி படகின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். "இது என்ன வாடை? சிக்குப் பிடிச்ச தேங்கா எண்ணெய்."

சத்தியசீலனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முந்தின நாள் அவரேதான் முன்நின்று படகு முழுவதும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார். கடற்கரையில் மரவள்ளத்துக்கு எண்ணெய் போடுவார்கள். மரம் குடிக்கும், வெடிக்காமல் இருக்கும். வள்ளத்துக்குச் செய்வதைப் படகுக்குச் செய்ய வேண்டாமா? இது ஃபைபர், குடிக்காது என்று யாரும் நினைக்கவில்லை. அன்று ஒருநாள் பளபளக்கும். மறுநாளிலிருந்து தில்லியின் தூசியும் புகையும் அதில் உட்காரத் தொடங்கும். அதற்கு மேல் அடுத்த வருஷத்து எண்ணெய். அதோடு, மாதாவுக்கு நேர்ச்சை என்று சனங்கள் சின்னச் சின்னப் பாட்டிலில் கொண்டுவந்து தடவும் எண்ணெய். வெளிறிப்போனதற்கு மேலே இத்தனை வருஷப் பக்தியும் ஒட்டிக்கொண்டு இருந்தது.

"நோயாளி குளிக்காம ஆபரேஷன் தியேட்டருக்கு வரலாமா?" என்றாள் அமலி. "மொதல்ல குளிப்பாட்டணும்."

இருவருமாகக் குளிப்பாட்டினார்கள். வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய துண்டுகள். அமலி, படுத்த படுக்கையாக இருப்பவரைத் துடைப்பது போல, ஒரு பகுதியைத் துடைத்து, அலசி, உலர்த்தி, பிறகுதான் அடுத்த பகுதிக்குப் போனாள். வழிந்தோடிய தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கடைசியில் படகு சுத்தமாக ஆயிற்று. முன்பைவிட அசிங்கமாகவும் ஆயிற்று. எண்ணெய் போனதும் வெளிறல் முழுவதும் வெளியே தெரிந்தது, சாம்பல் பூசியது போல.

"இதுதான் அதோட சொந்த மூஞ்சி" என்றார் சத்தியசீலன்.

"ஆரம்பிங்க" என்றாள் அவள்.

வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். பசையைத் தடவி, திருகை ஒன்றில் வைத்துப் பரப்பி, மூன்றுக்கு ஏற்றினார். அழுத்தவில்லை. மிஷினின் கனமே போதும் என்று கை சொன்னது. நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் எரியும். பக்கவாட்டில் இடமிருந்து வலம், பிறகு மேலிருந்து கீழ். சாம்பலுக்கு நடுவே ஒரு நீலக் கோடு கிடைத்தது. அது பட்டையாகி, பரந்தது.

எதையோ பூசினால் பளபளப்பு வரும் என்றுதான் அவர் இத்தனை காலம் நினைத்திருந்தார். எண்ணெய் தடவியதும் அந்த நினைப்பில்தான். இப்போது கைக்குக் கீழே நடப்பது வேறாக இருந்தது. இந்தப் பசையும் ஒரு விதத்தில் மணல்தான். கம்பளி கீறுகிறது. அடுத்து வரும் ஸ்பாஞ்சு அதைவிட மெல்லக் கீறும். பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்கி, அதையும் இன்னும் சின்னதாக்கி, கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் கொண்டுபோய் விடுகிறோம், அவ்வளவுதான். அந்த அளவுக்குப் போனதும் வெளிச்சம் தடுக்கி விழாமல் நேராகத் திரும்பி வருகிறது.

மறுநாளும் வேலை நடந்தது. அதற்கடுத்த நாள் காலை, மெழுகு போட்டுத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் கைக்குக் கீழே, படகின் நீலத்துக்குள்ளே, ஒரு பருந்து வட்டமடித்தது.

சத்தியசீலன் கையை இழுத்துக்கொண்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கொட்டகைக்கு வெளியே, கோவில் உச்சிக்கு மேலே, பருந்து ஒன்று இருந்தது. குனிந்து பார்த்தார். அதுவும் இருந்தது. அதன் பின்னால் மேகம். மேகத்தின் கீழே மின்கம்பிகளும், அடுத்த வீட்டு மாடியில் உலர்ந்த சிவப்புத் துப்பட்டாவும், கோவிலின் சிலுவையும், இடுப்பில் கை வைத்து நிற்கும் அமலியும். எல்லாம் படகின் வளைவுக்கு ஏற்ப லேசாக வளைந்து, ஆனால் ஒன்றும் விட்டுப்போகாமல். தன்னைக் காட்டிக்கொள்வதைப் படகு நிறுத்திவிட்டிருந்தது. சுற்றி இருந்ததை எல்லாம் அது எடுத்து வைத்திருந்தது.

அவர் துணியைக் கீழே வைத்தார். கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"என்னங்க? தல சுத்துதா?" அமலி பழக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் கிரேன் ஒண்ணு வாங்கினேன் அமலி. அது இப்பயும் எங்கியோ எதையோ தூக்கிக்கிட்டு நிக்கும் என்ன?"

அமலி உதடசைய எண்ணிக்கொண்டிருந்தாள். நாடி பார்த்து முடிக்கும்வரை அவள் பேசமாட்டாள்.

"பம்பெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும். எவனாவது கையை வச்சுப் பாத்திருப்பான். சூடா இருக்கா, நடுங்குதான்னு. எனக்கு அதெல்லாம் பேப்பர்தான. இம்புட்டு இருந்திருக்கு அமலி. இம்புட்டும் நெசம்."

"நாடி சரியாத்தான் இருக்கு. தண்ணி குடிங்க" என்றாள் அவள். ஆனால் கையை விடாமல், அவளும் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகப்பில் இருந்த பிறை வடிவக் காயம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே தேய்ப்பதற்குத் தோலே மிச்சமில்லை. சுற்றிலும் நீலம் மின்ன மின்ன அது இன்னும் பழுப்பாகத் தெரிந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃபாதர் ஜோபினும் ஜெயபாலும் வந்தார்கள். ஜெயபால் கொட்டகைக்குள் நுழைந்தவன் பேச வாயைத் திறந்து, படகில் தன் முகத்தைப் பார்த்து, முதலில் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டான்.

"அண்ணாச்சி, புதுசு வாங்கிட்டீங்களா?"

"அதே படகுதான்."

"ஜூட்! பொய் சொல்லி ஏமாத்தாதீங்க." விரலால் தொட்டு, விரலைப் பார்த்தான். சுண்ணாம்பு இல்லை. படகைச் சுற்றிக்கொண்டு போனவன் முகப்பில் நின்றான். "அச்சா, அதே படகுதான். இது என்ன?"

"நான் எரிச்சது" என்றார் சத்தியசீலன்.

"மாதா பாதத்துக்கு நேர் கீழயா? எல்லார் போட்டோவிலயும் இதுதான தெரியும். ஃபாதர், ரத்தே சொல்லிரலாம். அட்வான்ஸ் இன்னும் குடுக்கல, ஆனா இன்னிக்கே ஜல்தி சொல்லணும். இல்ல, படகுதான்னா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிரலாம். நம்ம கம்பெனி ஸ்டிக்கரே இருக்கு."

ஃபாதர் ஜோபின் காயத்தை ஒரு தடவையும், படகுக்குள் வளைந்து கிடந்த வானத்தை இன்னொரு தடவையும் பார்த்தார். "ஸ்டிக்கர் வேண்டாம். இந்த வருஷம் படகு போகட்டும். சனங்க முகம் சுளிச்சா அடுத்த வருஷம் ரத். அண்ணாச்சியும் அதுக்கப்புறம் பேசக் கூடாது."

"பேசமாட்டேன்" என்றார் சத்தியசீலன். சொன்ன பிறகுதான் அவருக்கு எண்ணெய் பாட்டில்கள் ஞாபகம் வந்தன. திருவிழாவன்று நேர்ச்சைக்காரர்கள் வரிசையாக வந்து படகு முழுக்கத் தடவுவார்கள். தடுத்தால் முகம் சுளிப்பார்கள். தடுக்காவிட்டால் படகு பழையபடி ஆகிவிடும். இரண்டில் எது நடந்தாலும் ரத் வந்துவிடும்.

செப்டம்பர் எட்டாம் தேதி பகல் முழுக்க மழை பெய்து சாயங்காலம் விட்டது. மெழுகு போட்ட படகின் மேல் தண்ணீர் பரவாமல் மணி மணியாக நின்றது. ஒவ்வொரு மணிக்குள்ளும் கோவில் வாசலின் சீரியல் லைட். முதல்முறையாக உடம்பில் தண்ணீர் பட்டும் நனையாமல் நிற்கிற அந்தப் படகைச் சத்தியசீலன் வாசல் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துணி ஒன்று அவர் கையில் தயாராக இருந்தது. அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

முதல் எண்ணெய் பாட்டில் தாயம்மாளுடையது. கேம்ப்பில் இருந்தவள். ஜங்புராவில் வீட்டு வேலை செய்தவள். அவள் புருஷன்தான் வருஷா வருஷம் வடத்தின் முதல் ஆள். இப்போது நரேலாவிலிருந்து அவனையும் பக்கத்து வீட்டு ஆட்களையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ரெண்டு பஸ்ஸு மாறி வந்தோம் சாரே. வழியெல்லாம் தண்ணி" என்றாள். பாட்டிலைத் திறந்தபடியே படகருகே போனவள் நின்றுவிட்டாள். நீலத்துக்குள்ளிருந்து அவளுடைய முகம் அவளைப் பார்த்தது. பின்னால் மாதா சுரூபத்தின் பூமாலை. அவள் கை பாதி வழியில் நின்றது.

"ஐயோ. இதுல எப்பிடி எண்ணெய வைக்கறது? நானே உள்ள இருக்கறன்."

வரிசையில் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சத்தியசீலன் ஓரடி முன்னால் வைத்தார். தாயம்மாள் படகின் பக்கமாகவே நடந்து, தன் முகமும் கூடவே நடப்பதைப் பார்த்துக்கொண்டே முகப்புக்கு வந்தாள். அங்கே அவள் முகம் மறைந்தது. குனிந்து பார்த்தாள்.

"இங்க புண்ணா இருக்குதே."

விரலை எண்ணெயில் நனைத்து அந்தப் பிறையின் மேல் வைத்தாள், மெல்ல, சூடு பட்ட இடத்தில் வைப்பது போல. ஃபைபரின் அடி நூல் எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டது. மீந்ததை எடுத்துத் தன் நெற்றியிலும் புருஷன் நெற்றியிலும் வைத்தாள். அவளுக்கு அடுத்து வந்தவரும் பளபளக்கும் பக்கத்தைத் தொடாமல் நேரே அங்கே போனார். அதற்கடுத்தவரும். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எண்ணெய் பட்டுப் பட்டு அந்த இடம் மெல்லக் கறுத்து, நன்றாக எண்ணெய் குடித்த மரம் போல ஆயிற்று.

சத்தியசீலன் கையிலிருந்த துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் அமலி நின்றாள்.

வடம் இழுபட்டது. ஈரத் தெருவில் கடைகளின் விளக்குகளை எல்லாம் தன் மேல் ஏற்றி இறக்கிக்கொண்டு படகு நகர்ந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டே ஓடிய ஜெயபால், அவரைக் கடக்கும்போது வியர்வையோடு ஒரு நிமிஷம் நின்றான். அவன் நெற்றியிலும் எண்ணெய் இருந்தது.

"அண்ணாச்சி, அந்த மிஷினைத் திருப்பிக் குடுத்துராதீங்க. அடுத்த வருஷமும் வேணும்."

"குடுக்கல" என்றார் சத்தியசீலன். "பில்லைக் கிழிச்சுட்டேன்."